கேட்கப்படாத பெண்களும் கேட்கப்பட்ட ஒரு பெண்ணும்

(நீண்ட பதிவு. மார்ச் 21, உலக டவுன் சிண்ட்ரோம் நாளையொட்டி எழுதத் தொடங்கியது. எழுதி முடிக்கச் சில வாரங்கள் ஆகிவிட்டன. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

என் ஆய்வுப் பணியின் பொருட்டுப் புணேயில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தேன். அவர்களின் மகளுக்குப் பதினைந்து வயது. டவுன் சிண்ட்ரோம் உடையவள். உரையாடல் முடிந்து நான் புறப்படும் வேளையில், அந்தத் தாய் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஏம்மா, இவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்துடலாம்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. செய்யலாமா? நான் இருக்கிறவரைக்கும் பார்த்துக்குவேன். எனக்கப்புறம்?”

உள்ளறையில் அந்தப் பெண் துவைத்த துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஏதோ மழுப்பலாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லாமல் இல்லை. அந்த விடையை ஒரு வாசற்படியில் நின்று சொல்ல இயலாது என்பதே உண்மை. அதற்கு நூற்றைம்பது ஆண்டுக்கால வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றின் ஓர் அத்தியாயம் அதே புணேயில்தான் எழுதப்பட்டது.

1. வகைப்படுத்தியவர்கள்

இங்கிலாந்தில் எர்ல்ஸ்வுட் காப்பகத்தின் மருத்துவ அதிகாரியாக இருந்த ஜான் லாங்டன் டவுன், 1866-இல் தம் பராமரிப்பில் இருந்தோரின் முகத்தோற்றத்தை வைத்து அவர்களை இனவாரியாகப் பிரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு பிரிவினரை ‘மங்கோலிய’ வகை என்றார். ஏறத்தாழ நூறாண்டுகள் அந்தப் பெயரே மருத்துவ நூல்களில் நிலைத்தது. 1961-இல் மரபியலாளர்கள் பலர் அதைக் கைவிடுமாறு ‘லான்செட்’ இதழில் வேண்டினர். 1965-இல் மங்கோலிய நாடே முறையிட்ட பின்னர் உலகச் சுகாதார நிறுவனமும் அச்சொல்லை விட்டது. இடையில், 1959-இல் ஜெரோம் லெஜூன், மார்த் கோத்தியே, ரேமோன் துர்பென் ஆகிய மூவரும் வெளியிட்ட கட்டுரை, 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாக இருப்பதே இதன் காரணம் என நிறுவியிருந்தது.

இந்த வரலாற்றில் இனப்பெருக்கம் பற்றிய கேள்வி நெடுங்காலம் எழவே இல்லை. காரணம் எளியது. பிரிட்டனில் 1929-இல் டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 9 ஆண்டுகள். 1949-இல் 12 ஆண்டுகள். பருவமடையும் முன்பே இறந்துவிடுவோரைப் பற்றி யார் அக்கேள்வியை எழுப்புவார்கள்? பிறவி இதயக் கோளாறுகளுக்கான அறுவைச் சிகிச்சையும், நோய்த்தொற்றுகளுக்கான மருந்துகளும், எல்லாவற்றுக்கும் மேலாகக் காப்பகத்தை விட்டு வீட்டில் வளரும் வழக்கமும் வந்த பின்னர், வசதி மிக்க நாடுகளில் அந்த ஆயுள் இன்று ஏறத்தாழ 60 ஆண்டுகளை எட்டியிருக்கிறது. வாழ்வு நீண்டது, அதனோடு இளமையும் காதலும் திருமண ஆசையும் வந்தன. ஆனால் அவர்களைப் பற்றிய நம் சிந்தனை ஒன்பது வயதுக் குழந்தையிடமே நின்றுவிட்டது.

மருத்துவ உண்மைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டவுன் சிண்ட்ரோம் உடைய பெண்கள் பெரும்பாலும் மற்றப் பெண்களின் வயதிலேயே பூப்பெய்துகின்றனர். அவர்களில் பலர் கருத்தரிக்கக் கூடியவர்கள். மாதவிடாய் நிற்பது மட்டும் சற்று முன்னதாக நிகழ்கிறது. ஆண்களுக்குக் கருவளம் மிகக் குறைவு. ஆனால் ‘அறவே இல்லை’ என்ற பழைய முடிபு தவறானது. டவுன் சிண்ட்ரோம் உடைய ஓர் ஆண் தந்தையானது 1989-இல் மருத்துவ இதழில் உறுதிப்படுத்தப்பட்டது. தாய் டவுன் சிண்ட்ரோம் உடையவராயின் குழந்தைக்கும் அது வரும் வாய்ப்பு, கணக்கின்படி இரண்டில் ஒன்று. அதாவது, எதிர்ப்பக்கமும் அதே அளவு திறந்திருக்கிறது. பேறுகாலத்தில் தாயின் இதயத்தையும் தைராய்டையும் கவனமாகக் கண்காணிக்க வேண்டும். இவை எல்லாம் ஒரு நல்ல மகப்பேறு மருத்துவர் பேசித் தெளிவிக்கக் கூடிய செய்திகளே.

ஆனால் வரலாறு இவர்களுக்கு மருத்துவர் வழியாகப் பேச்சை அனுப்பவில்லை, கத்தியையே அனுப்பியது.

2. தீர்ப்பு எழுதியவர்கள்

1907-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் உலகின் முதல் கட்டாயக் கருத்தடைச் சட்டத்தை இயற்றியது. 1927-இல் வர்ஜீனியாவின் அத்தகைய சட்டம் அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் முன் வந்தபோது, ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் அதை ஏற்றனர். கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அவரும் அவர் தாயும் கைக்குழந்தையான அவர் மகளும் மூன்று தலைமுறை ‘மந்த புத்தி’யினர் என்பதே வாதம். பின்னாளில் ஆய்வாளர்கள் தேடிக் கண்டவை வேறு. கேரிக்கு அறிவுசார் குறைபாடே இல்லை. வன்புணர்வினால்தான் அவர் கருவுற்றிருந்தார். அந்த மகள் பள்ளியில் நன்றாகப் படித்து, எட்டு வயதில் நோயுற்று இறந்தாள். அமெரிக்காவில் மட்டும் 60,000-க்கும் மேற்பட்டோர் இவ்வகைச் சட்டங்களின் கீழ்க் கருத்தடைக்கு உள்ளாயினர். ஜெர்மனியில் 1933-இன் சட்டம் அந்த எண்ணிக்கையைச் சில இலட்சங்களுக்குக் கொண்டுசென்றது.

வன்புணர்வுக்கு ஆளான பெண். அவளை ‘அறிவற்றவள்’ என வகைப்படுத்தும் அரசு. அவள் உடலின்மேல் முடிவெடுக்கும் நீதிமன்றம். இந்த மூன்றையும் நினைவில் இருத்திக்கொள்ளுங்கள். 82 ஆண்டுகளுக்குப் பின் இதே மூன்றும் நம் நாட்டில் மீண்டும் ஒன்றாக வருகின்றன.

இந்தியாவில் அத்தகைய கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றப்படவில்லை. அதனால் நாம் தப்பித்தோம் என்று பொருள் அன்று. நம் சட்டங்கள் அதே பார்வையைச் சொற்களுக்குள் ஒளித்து வைத்திருந்தன. 1912-இன் இந்தியப் பித்தர் சட்டம், பிறவியிலேயே அறிவு வளராதவரையும் மனநோயுற்றவரையும் ‘பித்தர்’ என்ற ஒரே சொல்லில் அடைத்தது. 1971-இன் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் அந்தச் சொல்லை அப்படியே இரவல் வாங்கியது. ‘பித்தர்’ எனப்படும் பெண்ணின் கருவைக் கலைக்க அவளது காப்பாளரின் ஒப்புதல் போதும் என்றது. 1955-இன் இந்து திருமணச் சட்டம் ‘மூடரும் பித்தரும்’ மணம் செய்துகொள்ளலாகாது என்றது. 1976-இல் அதைத் திருத்தியபோது, மனக்கோளாறினால் ‘திருமணத்துக்கும் சந்ததிப் பேற்றுக்கும் தகுதியற்றவர்’ மணம் செய்யலாகாது என்று எழுதினர். அந்தத் தொடர் இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. பிள்ளை பெறத் தகுதி உடையவர் யார் என்பதை அளக்க ஓர் அளவுகோல் உண்டு என்று நம் சட்டம் இன்னமும் நம்புகிறது.

3. புணே, 1994

புணே மாவட்டத்தின் ஷிரூரில், அறிவுசார் குறைபாடுடைய பெண்களுக்கான அரசு இல்லம் ஒன்று இருந்தது. 1994 பிப்ரவரியில் அங்கிருந்த பெண்கள் நகரின் சாசூன் அரசு மருத்துவமனைக்கு அழைத்துவரப்பட்டனர். பத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருப்பை அகற்றப்பட்டது. அவர்களில் பதின்பருவத்தைக் கடக்காதவர்களும் இருந்தனர். செய்தி வெளியானதும் பெண்ணியக்கங்கள் வீதிக்கு வந்தன; எஞ்சிய அறுவைகள் நிறுத்தப்பட்டன.

அதிகாரிகளும் அறுவையை ஆதரித்த மருத்துவர்களும் முன்வைத்த காரணங்கள் இரண்டு. ஒன்று, இப்பெண்களால் மாதவிடாய்த் தூய்மையைப் பேண இயலாது. மற்றொன்று, யாரேனும் வன்கொடுமை செய்தால் கருத்தரித்துவிடுவார்கள்.

முதற்காரணத்தை எண்ணிப் பாருங்கள். உண்ணவும் உடுக்கவும் பல் துலக்கவும் கற்றுக்கொண்ட ஒரு பெண்ணுக்கு இதையும் கற்றுத்தரலாம். சற்றுக் கூடுதல் காலம் பிடிக்கும். கற்றுத்தரும் ஆட்கள் போதாமை இல்லத்தின் குறை. அந்தக் குறைக்கான மருத்துவம் பெண்ணின் வயிற்றில் செய்யப்பட்டது.

இரண்டாவது காரணம் இன்னும் கொடியது. கருப்பையை எடுத்தால் வன்புணர்வு நிற்காது. அதன் தடயம் மட்டுமே நிற்கும். சொல்லிப் புலம்ப இயலாத ஒரு பெண்ணின் உடல் உலகுக்குச் சொல்லக் கூடிய ஒரே சாட்சியையும் நாம் முன்கூட்டியே அகற்றிவிடுகிறோம். பாதுகாக்கப்படுவது பெண் அல்லள். தவறு செய்பவனும், தவறு நடந்த இடமும், குடும்பத்தின் பெயருமே.

அன்றைய விவாதம் நெடுநாள் நீடித்தது. மருத்துவர்கள் எழுதினர், இயக்கத்தினர் எழுதினர், பெற்றோரும் எழுதினர். “எங்கள் துன்பம் உங்களுக்குத் தெரியுமா?” என்ற பெற்றோரின் குரலில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எனக்குக் கிடைத்த அக்காலப் பதிவுகளை எல்லாம் வாசித்தபோது ஒரு வெற்றிடம் என்னை உறுத்தியது. அந்தப் பெண்களில் ஒருத்தியின் சொல்கூட எங்கும் இல்லை. ஒப்புதல் யார் தர வேண்டும், பெற்றோரா, இல்லத்தின் கண்காணிப்பாளரா, அரசா என்று எல்லோரும் வாதிட்டனர். படுக்கையில் கிடத்தப்பட்டவளிடம் கேட்டீர்களா என்ற வினா ஓரத்தில் முணுமுணுப்பாகவே நின்றது.

4. சண்டிகர், 2009

சண்டிகரில் ஓர் இளம்பெண். தாய் தந்தை அற்றவள். இலேசானது முதல் மிதமானது வரையிலான அறிவுசார் குறைபாடு உடையவள். (அவளுக்கு டவுன் சிண்ட்ரோம் இல்லை, ஆயினும் சட்டத்தின் கண்ணுக்கு இருவரும் ஒரே வகையினர் என்பதால் இவ்வழக்கு இருவருடையதும் ஆகும்.) ‘நாரி நிகேதன்’ என்ற அரசுக் காப்பகத்தில் வளர்ந்துவந்த அவள், அங்கே வன்புணர்வுக்கு ஆளானாள். 2009 மே மாதம் வேறோர் இல்லத்துக்கு மாற்றப்பட்டிருந்தபோது, அவள் கருவுற்றிருப்பது தெரியவந்தது. கர்ப்பம் வெளிப்பட்டதால்தான் குற்றமும் வெளிப்பட்டது. காவல் வழக்கும் பதிவாயிற்று. புணேயின் வழியைச் சண்டிகர் பின்பற்றியிருந்தால் அந்தக் குற்றம் எவருக்கும் தெரியாமலே போயிருக்கக் கூடும்.

கருவைக் கலைக்க அனுமதி வேண்டிச் சண்டிகர் நிர்வாகம் பஞ்சாப்-ஹரியானா உயர்நீதிமன்றத்தை அணுகியது. நீதிமன்றம் ஒரு வல்லுநர் குழுவை அமைத்தது. இங்கே புணேயில் நடவாத ஒன்று நடந்தது. குழுவினர் அந்தப் பெண்ணிடமே சென்று கேட்டனர்.

தன் வயிற்றில் குழந்தை இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அது வேண்டும் என்றாள். கலவி, கருத்தரிப்பு என்பவற்றின் தொடர்பை அவள் முழுமையாக அறிந்திருக்கவில்லை. குழந்தையை வளர்க்க அவளுக்குத் துணை தேவைப்படும். ஆனால் கர்ப்பத்தால் அவள் உடலுக்குத் தனியான ஆபத்து ஏதும் இல்லை. குழுவின் அறிக்கையில் இவை எல்லாம் இடம்பெற்றன.

கேட்ட பின்னும், 2009 ஜூலை 17 அன்று உயர்நீதிமன்றம் கருவைக் கலைக்கவே ஆணையிட்டது. பெண்ணின் நலனை அவளைவிட நாங்கள் நன்கறிவோம் என்ற நிலைப்பாடு அது.

நான்கு நாள்களில் வழக்கு உச்சநீதிமன்றத்தை எட்டியது. கர்ப்பம் அப்போது 19 வாரங்களைக் கடந்திருந்தது. சட்டம் வகுத்த எல்லை 20 வாரம். தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன், நீதிபதிகள் பி. சதாசிவம், பி.எஸ். சௌஹான் ஆகியோர் ஜூலை 21 அன்று உயர்நீதிமன்ற ஆணைக்குத் தடை விதித்தனர். விரிவான தீர்ப்பு ஆகஸ்ட் 28 அன்று வந்தது. ‘சுசிதா ஸ்ரீவஸ்தவா எதிர் சண்டிகர் நிர்வாகம்’ என்பது வழக்கின் பெயர்.

தீர்ப்பின் அச்சாணி ஒரு சொல்லில் இருந்தது. 1971 சட்டத்தின் ‘பித்தர்’ என்ற சொல் 2002-இல் நீக்கப்பட்டு ‘மனநோயாளி’ என மாற்றப்பட்டிருந்தது. அதற்குத் தரப்பட்ட வரையறை, அறிவு வளர்ச்சிக் குறைபாட்டை வெளிப்படையாகவே விலக்கியிருந்தது. ஆகவே மனநோயாளியின் பொருட்டுக் காப்பாளர் ஒப்புதல் தரலாம். அறிவுசார் குறைபாடுடைய வயது வந்த பெண்ணின் பொருட்டு எவரும் தர இயலாது. அவள் ஒப்புதலே ஒப்புதல் என்றது நீதிமன்றம். சட்டத் திருத்தக்காரர்கள் மாற்றிய ஒற்றைச் சொல், ஏழாண்டுகள் கழித்து ஒரு தாயையும் சேயையும் காத்தது.

அதே தீர்ப்புதான், பிள்ளை பெறுவதா வேண்டாமா எனத் தெரிவு செய்யும் உரிமை, அரசமைப்பின் 21-ஆம் உறுப்பு தரும் தனிமனித விடுதலையின் ஒரு கூறு என அறிவித்தது. பின்னர் 2017-இன் தனியுரிமைத் தீர்ப்பிலும், மணமாகாத பெண்களின் கருக்கலைப்பு உரிமையை ஏற்ற 2022-இன் தீர்ப்பிலும் அது எடுத்தாளப்பட்டது. இதை நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. படித்த, நகரத்து, ‘இயல்பான’ இந்தியப் பெண் ஒருத்தி இன்று ‘என் உடல், என் முடிவு’ என நீதிமன்றத்தில் வாதிடும்போது, அவள் காலூன்றி நிற்பது, அரசுக் காப்பகத்தில் வளர்ந்த, அறிவுசார் குறைபாடுடைய ஓர் அநாதைப் பெண் “எனக்குக் குழந்தை வேண்டும்” என்று சொன்ன சொல்லின்மீது. அந்தப் பெண்ணின் பெயரை நாம் அறியோம், அறியவும் கூடாது. கடனை மட்டும் அறிந்திருக்கலாம்.

அந்த ஆண்டு முடிவதற்குள் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

5. எழுதப்பட்டதும் எழுதப்படாததும்

இந்தியா 2007-இல் ஏற்ற ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 23-ஆம் உறுப்பு, மணம் செய்யவும் குழந்தை பெறவும் தம் கருவளத்தைக் காத்துக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்கிறது. நம் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 10-ஆம் பிரிவு இரண்டு செய்திகளைச் சொல்கிறது: இனப்பெருக்கம், குடும்பநலம் குறித்த தகவல்கள் அவர்களுக்குக் கிடைக்க அரசு வகைசெய்ய வேண்டும், அவர்களின் சுதந்திரமான, அறிந்து தரும் ஒப்புதல் இன்றிக் கருவளத்தை அழிக்கும் எந்த மருத்துவமுறையும் செய்யலாகாது. புணேயில் நடந்தது இன்று நடந்தால் சட்ட மீறல்.

ஆயினும் பழைய சொற்கள் எளிதில் சாவதில்லை. அதே 2016 சட்டத்தின் 92-ஆம் பிரிவு, ஒப்புதலற்ற கருக்கலைப்பைத் தண்டனைக்குரியதாக்கிவிட்டு, ‘கடுமையான குறைபாடு’ எனில் மருத்துவர் கருத்தும் காப்பாளர் ஒப்புதலும் போதும் என ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. எது கடுமை என்பதை அங்கே வரையறுக்கவில்லை. 24 வாரம் வரை கருக்கலைப்புக்குத் தகுதி பெறுவோரைப் பட்டியலிடும் 2021-இன் விதிகளோ, ‘அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளிட்ட மனநோயுற்ற பெண்கள்’ என்கின்றன. அந்த விதி காலக்கெடுவைப் பற்றியதே. ஒப்புதலைப் பற்றியது அன்று. என்றாலும் 2002-இல் பிரித்த இரண்டையும் ஒரே தொடரில் மீண்டும் முடிச்சிட்டுவிட்டனர். ஒரு சொல்லின் பிரிவு எதைக் காத்தது என்பதைக் கண்டோமே. அதன் சேர்க்கை என்ன செய்யும் என்று அஞ்சாமல் இருக்க முடியவில்லை.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நம் சட்டம் ‘செய்யாதே’ என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறது. ‘துணை நில்’ என்று சொல்வதைச் செயலாக்கக் கற்கவில்லை. சண்டிகர் வழக்கில் அந்தப் பெண்ணின் சொல் வென்றதற்கு மற்றொரு காரணமும் இருந்தது. தாய்க்கும் குழந்தை வளர்ப்புக்கும் துணை செய்வதாகத் தேசிய அறக்கட்டளையின் தலைவர் நீதிமன்றத்தில் உறுதி அளித்தார். அந்த உறுதி ஒரு பெண்ணுக்கு, ஒரு வழக்கில் கிடைத்தது. மற்றவர்களுக்கு?

“அவளால் தனியாகப் பிள்ளை வளர்க்க முடியுமா?” என்று கேட்போருக்கு நான் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன். நம்மில் யார் தனியாக வளர்த்தோம்? தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவரும் மரபு எதற்காக ஏற்பட்டது? குளிப்பாட்டப் பாட்டி, பத்தியம் சமைக்க அம்மா, இரவில் தூக்கிச் சுமக்க அத்தை, நாத்தனார் என ஊரே சேர்ந்துதான் ஒவ்வொரு தாயையும் தாயாக்கியது. நமக்குக் கிடைக்கும்போது அதன் பெயர் உறவு. அவர்களுக்குத் தேவைப்படும்போது மட்டும் அதன் பெயர் தகுதியின்மை.

டவுன் சிண்ட்ரோம் உடைய எல்லோரும் பிள்ளை பெற வேண்டும் என்று நான் வாதிடவில்லை. பலர் விரும்பமாட்டார்கள், சிலருக்கு உடல்நலம் இடங்கொடாது, சிலர் கருத்தடையைத் தாமே தேர்வார்கள். படங்களோடு எளிய மொழியில் எழுதிய கையேடு, அவசரப்படாத மருத்துவர், மரபணு ஆலோசனை, இடையில் புகுந்து பதில் சொல்லாத உறவினர் ஆகியவை இருந்தால், ‘வேண்டாம்’ என்பதும் அவர்களின் சொல்லாக இருக்கும். இன்று அது அவர்கள்மீது ஏற்றப்பட்ட மௌனமாக இருக்கிறது.

6. வாசற்படிக்குத் திரும்பி

இதை எழுதுவதற்கு முன் அந்தத் தாயைத் தொலைபேசியில் அழைத்தேன். சட்டம் என்ன சொல்கிறது என்பதை விளக்கினேன். கருப்பை அகற்றுதல் பெரிய அறுவை என்பதையும், அது மகளை எந்தத் தீயவனிடமிருந்தும் காக்காது என்பதையும் சொன்னேன். யார் தொடலாம், யார் தொடக் கூடாது, தொட்டால் யாரிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும் என்று கற்றுத்தருவதே காவல் என்றேன். மாதவிடாய்க் கணக்கை நாள்காட்டியில் அவளே குறிக்கப் பழக்கலாம் என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். “எல்லாம் சரிதாம்மா. எனக்கப்புறம்னு கேட்டேனே, அதுக்கு என்ன சொல்றீங்க?” என்றார்.

அதற்கு என்னால் தனியாக விடை சொல்ல இயலவில்லை. அவ்விடையை அரசும் ஊரும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும். அதுவரை, பெற்றோரின் அச்சத்தைக் குற்றம் சொல்லும் உரிமை எனக்கில்லை.

ஒன்று மட்டும் கேட்டேன்: “இதைப் பற்றி அவளிடம் எப்போதாவது பேசியிருக்கிறீர்களா?”

நெடுநேரம் மறுமுனையில் ஓசை இல்லை. பிறகு, “இல்லை. அவளுக்கு என்ன தெரியும்னு நினைச்சுட்டேன்” என்றார். சற்றுப் பொறுத்து, “கேட்டுப் பார்க்கிறேன்” என்றார்.

இந்தப் பதிவை வாசிக்கும் பெற்றோர், மருத்துவர், சிறப்பாசிரியர் எவரேனும் இருந்தால், உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். உங்கள் பிள்ளைகள் சொன்னது ஏதேனும் இருந்தால், அதை முதலில் எழுதுங்கள்.